நூல் தேடிய நூல்கள் – 9: பெயர் சொல்லாத மேற்கோள்கள்

ஏடுகளைப் படியெடுத்துக் காத்தவர்களைப் பற்றிச் சென்ற இதழில் பார்த்தோம். அந்த ஏடுகள் ஒன்றுக்கொன்று எப்படி வழிகாட்டின என்பது இந்த இதழுக்குரிய கதை. அதை மதுரை நச்சினார்க்கினியரிடமிருந்து தொடங்குவதுதான் முறை.

பதினான்காம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவர் அவர். தொல்காப்பியம், பத்துப்பாட்டு, கலித்தொகை, சீவக சிந்தாமணி என்று அவர் உரை எழுத எடுத்துக்கொண்டவை எல்லாமே மலைக்க வைக்கும் நூல்கள். சிந்தாமணி மட்டுமே 3,145 பாடல். ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதியதும், அதே பொருளில் அதை முன்னோர் யாராவது ஆண்டிருக்கிறார்களா என்று தம் நினைவைத் துழாவுவார். ஓர் அடி அகப்படும். அதை அப்படியே எழுதி, 'என்றார் பிறரும்' என்று முடித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார். அந்தப் பிறர் யார், எந்த நூல், எத்தனையாவது பாட்டு என்பதற்குப் பெரும்பாலும் ஒரு குறிப்பும் இருக்காது.

இதை அச்சுப் புத்தகத்தில் பார்க்கிற நமக்கு அதன் கடினம் சட்டென்று விளங்காது. ஏட்டில் அது எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி வைப்பதில்லை. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம். பல கையெழுத்துகளில் காலுக்கும் ரகரத்துக்கும் வேற்றுமை தெரியாது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. செய்யுளை அடி அடியாகப் பிரித்து எழுதும் வழக்கமும் இல்லை; மூலமும் உரையும் மேற்கோளும் ஒரே ஓட்டமாக, ஓலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போகும். மேற்கோள் முடிகிற இடத்தை 'என்றார் பிறரும்' காட்டிக்கொடுக்கும். அது தொடங்குகிற இடம், அந்தப் பாட்டு ஏற்கெனவே மனப்பாடமாக இருப்பவனுக்கு மட்டுமே தெரியும்.

நச்சினார்க்கினியர் சோம்பலால் பெயரை விட்டார் என்று நினைப்பது தவறு. அவர் யாருக்காக எழுதினாரோ அவர்களுக்குப் பெயர் தேவைப்படவில்லை. சங்கப் பாடல்களை நெட்டுருப் போட்டவர்களின் கூட்டம் அது. ஓர் அடியைச் சொன்னால் அதன் முன்னும் பின்னும் அவர்கள் நெஞ்சில் தானாக வந்து நிற்கும். அவர்களது நினைவே நூலடைவு.

பிறகு அந்தக் கூட்டம் இல்லாமல் போயிற்று. ஏடுகள் மடங்களிலும் கவிராயர் வீடுகளிலும் இருந்தன. படிப்புத்தான் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று பாடம் நடந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைவிடப் பெரிய தமிழாசிரியர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இல்லை என்றே சொல்லலாம். அவரிடம் 1876இல் அவர் மறையும் வரை உடனிருந்து பாடம் கேட்ட உ.வே. சாமிநாதையருக்குச் சங்க நூல்கள் அறிமுகமாகவில்லை. ஆசிரியர் மறைத்தார் என்பதில்லை. அன்றைய பாடத்தில் அவை இல்லை, அவ்வளவுதான். ஓலையில் எழுத்து அழியாமல் இருந்தும், அது எந்த நூலைச் சுட்டுகிறது என்று சொல்ல ஆள் இல்லை.

1880 அக்டோபரில் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரை ஐயர் சந்தித்தது தமிழ் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த கதை. முதலியார் அங்கே முன்சீப். ஐயர் அந்த ஆண்டுதான் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்தார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் நீண்ட பட்டியலைச் சொல்ல, சிந்தாமணியும் மணிமேகலையும் சிலப்பதிகாரமும் படித்ததுண்டா என்று அவர் திருப்பிக் கேட்ட கேள்வியில் ஐயரின் வாழ்க்கை திசைமாறியது. இதை 'என் சரித்திர'த்தில் அவரே விரிவாக எழுதியிருக்கிறார். நாம் பார்க்க வேண்டியது அதற்கு அப்புறம் நடந்ததை.

சிந்தாமணியைக் கையில் எடுத்த ஐயருக்கு இரண்டு சுவர்கள் எதிர்ப்பட்டன. ஒன்று சமயம். நூல் சமணக் காப்பியம். அதன் குறியீடுகள் சைவ மடத்துப் படிப்பில் வராதவை. கும்பகோணத்திலேயே சமணக் குடும்பங்கள் இருந்தன. அவர்கள் சிந்தாமணியைப் புண்ணிய நூலாக ஓதி வந்தவர்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டுத் தெளிந்தார் ஐயர். நச்சினார்க்கினியரைப் பற்றியும் இதே போன்ற ஒரு செவிவழிச் செய்தி உண்டு: அவர் முதலில் எழுதிய உரையைச் சமணர்கள் ஏற்கவில்லை, பிறகு அவர்களோடு பழகி அவர்கள் நூல்களைக் கற்று மறுபடி எழுதினார் என்பார்கள். உண்மையோ கதையோ, ஐந்நூறு ஆண்டு கழித்து அதே நூலுக்காக இன்னொருவரும் அதே வழியில் போக நேர்ந்தது.

இரண்டாவது சுவர் மேற்கோள்கள். இது சமயச் சுவரைவிட உயரமானது, ஏனென்றால் போய்க் கேட்பதற்கு ஆளே கிடையாது. உரையில் பக்கத்துக்குப் பக்கம் யாரோ பாடிய அடிகள். அவற்றின் நடை புராணங்களின் நடையாக இல்லை. கலம்பகத்திலும் கோவையிலும் அவை இல்லை. ஐயர் தமக்கு மனப்பாடமான ஆயிரக்கணக்கான பாடல்களில் தேடியும் பிடிபடவில்லை. தான் கற்ற தமிழுக்குப் பின்னால் தனக்குத் தெரியாத பெரிய தமிழ் ஒன்று இருக்கிறது என்பதை அவருக்கு உணர்த்தியவை அந்த அநாமதேய அடிகள்தாம்.

அந்த அடிகளை அவர் குறித்து வைத்துக்கொண்டார். நெஞ்சிலும் பதித்துக்கொண்டார். பிறகு திருவாவடுதுறை ஆதீனத்துச் சுவடிகளைப் புரட்டும்போது, பழைய ஏடுகளில் அந்த அடிகள் எதிர்ப்பட்டன. நச்சினார்க்கினியர் உரையில் துணுக்காகப் பார்த்தது அங்கே முழுப் பாட்டின் நடுவில் இருந்தது. பத்துப்பாட்டு என்ற தொகுதியையும் எட்டுத்தொகையைச் சேர்ந்த நூல்களையும் ஐயர் இப்படித்தான் இனங்கண்டார். வழக்கமாக நூலைப் படித்துவிட்டுத்தான் அதன் மேற்கோளை வேறிடத்தில் அடையாளம் காண்போம். இங்கே மேற்கோள் முதலில் தெரிந்தது. நூல் பின்னால் வந்து சேர்ந்தது. சிந்தாமணி உரையோடு 1887இல் வெளிவந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. ஒவ்வொன்றும் அடுத்ததற்கு வழி சொன்னது.

ஐயர் ஒருவரே இதைச் செய்யவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை அவருக்கு முன்பே களத்தில் இருந்தார். வீரசோழியம் 1881இலும் கலித்தொகை 1887இலும் அவர் கையால் அச்சேறின. ஏட்டைத் தொட்டாலே ஓரம் உதிர்கிறது, கட்டை அவிழ்த்தாலே இதழ் முறிகிறது என்று கலித்தொகைப் பதிப்புரையில் அவர் எழுதிய பகுதியைக் கண் கலங்காமல் படிப்பது கடினம்.

ஐயரின் பெருமையை ஏடு தேடி ஊர் ஊராக அலைந்ததில் மட்டும் காண்பது எனக்கு ஒப்பவில்லை. ஏடு கிடைத்த பிறகு அவர் செய்ததுதான் பெரியது. நச்சினார்க்கினியர் காலத்தில் மாணவர் நெஞ்சில் இருந்த நூலடைவை அவர் காகிதத்துக்குக் கொண்டுவந்தார். பாட்டு முதற்குறிப்பு அகராதி, அரும்பத அகராதி, நூலில் வரும் ஆட்களையும் ஊர்களையும் பற்றிய விளக்கம், உரையில் வரும் மேற்கோள்கள் எங்கிருந்து வந்தவை என்ற குறிப்பு, இதே கருத்து வேறு எங்கே வருகிறது என்று காட்டும் ஒப்புமைப் பகுதி. புறநானூற்றை ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில் பைபிளின் ஒரு பதிப்பு அவர் பார்வைக்கு வந்தது. ஒத்த வசனங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சுட்டிக்காட்டி அமைத்திருந்தார்கள். தமிழ் நூலுக்கும் இப்படி ஒரு பதிப்பு வேண்டும் என்ற ஆசை அதனால் அவருக்கு உறுதிப்பட்டது. 1937இல், எண்பது வயதைக் கடந்த பிறகு, தம் உரையோடு அவர் வெளியிட்ட குறுந்தொகையைத் திறந்து பாருங்கள். ஒரு பாட்டின் ஓர் அடிக்குக் கீழே அகநானூறும் நற்றிணையும் சிந்தாமணியும் கம்பனும் வரிசையாகப் பாட்டு எண்ணோடு நிற்பார்கள். தெரிந்தவர் மட்டும் நுழையக்கூடிய இடமாக இருந்த தமிழ்ப் படிப்பில், தெரியாதவரும் தானே வழிகண்டு போகலாம் என்ற நிலை அந்த எண்களால் வந்தது.

நாள் கடந்த நூலுக்கும் மேற்கோளால் ஓர் உதவி உண்டு. பனையோலை நன்றாகப் பேணினாலும் சில நூற்றாண்டுகள்தான் தாங்கும். சங்கப் பாடல்களுக்கு இன்று கிடைக்கும் ஏடுகள் பிற்காலத்தில் படிக்குப் படி எடுத்தவை. பதினான்காம் நூற்றாண்டு உரைகாரர் காட்டுகிற ஓர் அடி, அந்த ஏடுகளுக்கு முந்தைய பாடத்தைக் காட்டலாம். உரையும் படியெடுக்கப்பட்டதுதான், உரைகாரரும் நினைவிலிருந்து எழுதியவர்தான். ஆகையால் அதையே முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் இரண்டு ஏடுகள் இரு விதமாகச் சொல்லும்போது மூன்றாவது சாட்சியாக மேற்கோளைக் கூப்பிடாத நல்ல பதிப்பாசிரியர் யாரும் இல்லை.

சுட்டப்பட்ட நூலே போய்விட்டால்?

வளையாபதி ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று. அந்த நூல் இன்று இல்லை. எழுபது சொச்சம் பாடல்கள் மட்டும் உரைகளிலிருந்தும் புறத்திரட்டு என்ற தொகுப்பிலிருந்தும் திரட்டியெடுக்கப்பட்டவை. குண்டலகேசிக்கு அத்தனைகூட மிஞ்சவில்லை. மூவேந்தரையும் பாடிய முத்தொள்ளாயிரத்தில் நூற்றுச் சொச்சம். தகடூர்ப் போரைப் பாடிய தகடூர் யாத்திரையில் சில பாடல்களே. பதிற்றுப்பத்தின் முதல் பத்தும் பத்தாம் பத்தும் ஏடுகளில் அகப்படவில்லை. அவற்றைச் சேர்ந்தவையாக இருக்கலாம் என்று கருதப்படும் சில பாடல்கள் தொல்காப்பிய உரைகளிலும் புறத்திரட்டிலும் இருந்து கிடைத்தவை. பரிபாடல் எழுபது என்பது மரபு. கைக்கு வந்தவை இருபத்திரண்டும் சில துணுக்குகளும். புறநானூற்றின் 267, 268 ஆகிய இரண்டு பாட்டுகளும் இன்றுவரை கிடைக்கவில்லை.

புறத்திரட்டைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல ஆசை. ஏறத்தாழ பதினைந்தாம் நூற்றாண்டில் யாரோ ஒருவர் அதைத் தொகுத்தார். தம் பெயரை அவர் எழுதவில்லை. திருக்குறளின் அதிகார முறையைத் தழுவி, பொருள்வாரியாக 1,570 பாடல்களை அடுக்கினார். அத்தோடு உரைகாரர்கள் பலர் செய்யாத ஒன்றைச் செய்தார்: ஒவ்வொரு பாட்டும் எந்த நூலைச் சேர்ந்தது என்பதைக் குறித்து வைத்தார். ச. வையாபுரிப் பிள்ளை 1938இல் அதைப் பதிப்பித்து வெளியிட்டபோது, அழிந்த நூல்களின் பாடல்கள் தத்தம் பெயரோடு வந்து நின்றன. வளையாபதி என்ற பெயரோடு பாடலும் சேர்ந்து நமக்குக் கிடைத்ததற்கு, பெயர் தெரியாத அந்த மனிதரின் ஒழுங்குதான் காரணம். தமிழ் அவருக்குப் பட்டிருக்கும் கடன் பெரிது.

நூலின் பெயர் இருந்து பாட்டு இல்லாத நிலை இதற்கு நேர் எதிரானது, அது ஆபத்தானதும்கூட. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களின் பெயரை அடுக்கிச் சொல்லும் பழைய வெண்பா ஒன்று உண்டு. அதன் பாடம் ஐயத்துக்கு இடமானது. பதினெட்டாவது நூல் இன்னிலையா கைந்நிலையா என்று வழக்கு எழுந்தது. 1917இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை 'இன்னிலை'யை நல்லெண்ணத்தோடு பதிப்பித்தார். பின்வந்த ஆய்வாளர்கள் பலர் அது பிற்காலத்தில் யாரோ கட்டிய போலி நூல் என்று ஒதுக்கினார்கள். 1931இல் அனந்தராமையர் பதிப்பாக வந்த 'கைந்நிலை'யே இன்று அந்த இடத்தில் இருக்கிறது. பெயர் மட்டும் காலியாகக் கிடந்தால் அதில் யாரும் குடியேறலாம் என்பதற்கு இது சான்று.

நல்ல முடிவுகளும் உண்டு. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், இசைக்கும் நாடகத்துக்கும் தமக்கு ஆதாரமான நூல்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். பஞ்சமரபு, இந்திரகாளியம், பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் என்று போகும் அந்தப் பட்டியலை நெடுங்காலம் இழந்த செல்வத்தின் கணக்காகவே படித்து வந்தார்கள். அறிவனார் இயற்றிய பஞ்சமரபு, வே.ரா. தெய்வசிகாமணிக் கவுண்டரின் முயற்சியால் 1970களில் அச்சில் வந்தது. உரையில் வெறும் பெயராக நின்ற ஒன்று நூற்றாண்டுகள் கழித்து நூலாகத் திரும்பியது. மறைந்தவற்றையெல்லாம் ஒருசேரப் பார்க்க விரும்புகிறவர்கள் மயிலை சீனி. வேங்கடசாமியின் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்ற புத்தகத்தைப் படிக்க வேண்டும்.

நூலுக்கு நூல் வழி போடும் இதே முயற்சி இருபதாம் நூற்றாண்டில் இயந்திரத்தின் பக்கம் போனது. 1945 ஜூலையில் அமெரிக்க விஞ்ஞானி வன்னெவர் புஷ், 'அட்லாண்டிக்' இதழில் மெமெக்ஸ் என்ற மேசையைக் கற்பனை செய்து எழுதினார். நுண்படச் சுருளில் நூல்கள் அடங்கியிருக்கும். படிப்பவர் ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தோடு முடிச்சுப் போட்டுத் தமக்கென ஒரு தடம் அமைத்துக்கொள்ளலாம். ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற பெயரை 1965இல் டெட் நெல்சன் கொடுத்தார். 1989 மார்ச்சில் ஜெனீவாவுக்கு அருகில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ தம் முன்மொழிவை மேலதிகாரியிடம் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று நாம் விரலால் தொடுகிற ஒவ்வொரு லிங்க்கும்.

நச்சினார்க்கினியரின் மேற்கோளையும் இந்த லிங்க்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இல்லை. லிங்க்கில் முகவரி உண்டு, சரக்கு இல்லை. முகவரியில் இருந்த பக்கத்தை எடுத்துவிட்டால், தொட்டவருக்கு 404 என்ற எண் மட்டும் வரும். அங்கே என்ன இருந்தது என்பதற்கு ஒரு சொல்கூட மிஞ்சாது. பெர்னர்ஸ்-லீ தெரிந்தேதான் இப்படி விட்டார். இணைப்பு முறிந்தாலும் பரவாயில்லை என்று விட்டதால்தான் யாரிடமும் அனுமதி கேட்காமல் யாரும் யாரையும் சுட்ட முடிந்தது, வலையும் உலகெங்கும் பரவியது. நச்சினார்க்கினியரிடம் முகவரி இல்லை, ஆனால் சரக்கு கூடவே வந்துவிடுகிறது. மூலம் அழிந்தாலும் அந்த ஓர் அடி உரைக்குள் பத்திரமாக இருக்கும். நெல்சன் இரண்டும் வேண்டும் என்றார். எடுத்தாளப்பட்ட பகுதி கண்முன் இருக்க வேண்டும், அது தன் மூலத்தோடும் கட்டுண்டிருக்க வேண்டும் என்பது அவருடைய ஸனடு திட்டத்தின் கனவு. அந்தத் திட்டம் அவர் நினைத்த அளவில் கைகூடவில்லை. அதற்கு மிக நெருக்கமான ஒன்றைப் புறத்திரட்டுக்காரர் ஓலையில் செய்துவிட்டார். ஐயர் அச்சில் செய்தார்.

இதைப் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. இன்று சங்க நூல்களை இணையத்தில் எவரும் இலவசமாகப் படிக்கலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற தன்னார்வ முயற்சிகளுக்கு அதற்காக நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பல மின்பதிப்புகளில் மூலம் மட்டும் ஏறியிருக்கிறது. உரை ஏறிய இடங்களிலும், பதிப்பாசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த அடிக்குறிப்பும் ஒப்புமைப் பகுதியும் மேற்கோள் அகராதியும் பெரும்பாலும் விடுபட்டிருக்கின்றன. பழைய பதிப்பைத் தட்டச்சு செய்கிறவர்கள் பாட்டை முடித்ததும் வேலை முடிந்ததாகக் கொள்கிறார்கள். அந்தப் பதிப்பின் பாதி உயிர் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது.

தமிழ் நூல்களை மின்வடிவுக்குக் கொண்டுவருகிற எல்லோரிடமும் இந்தத் தொடரின் வழியாக ஒரு வேண்டுகோள்: அடிக்குறிப்புகளை விட்டுவிடாதீர்கள். உரையில் ஒரு மேற்கோள் வந்தால் அது எந்த நூல், எந்தப் பாட்டு என்று ஐயரும் அவருக்குப் பின்வந்தவர்களும் கண்டுபிடித்துத் தந்த எண்ணையும் சேர்த்தே தட்டச்சு செய்யுங்கள். இடம் தெரியாத மேற்கோளை இடம் தெரியாதது என்றே குறித்து வையுங்கள். அதைக் கண்டுபிடிக்க நாளை ஒருவர் வருவார்.